சர்வைவல் கத்தி பிடிகிட்ட ஒடிஞ்சு போச்சு, கேம்ப்புக்கு வேற எது வாங்கலாம்? அவசரம்

மலைக்கிளி_88
ஆன்லைன்ல வாங்கின சர்வைவல் கத்தி, ரெண்டாவது கட்டை பிளக்கும்போதே பிடிகிட்ட ஒடிஞ்சிருச்சு. பிடிக்குள்ள தீக்குச்சி, தூண்டில் நூல், மூடியில காம்பஸ் எல்லாம் வச்சிருப்பாங்களே, அந்த மாதிரி கத்தி. அடுத்த வாரம் கேம்ப். 3000 ரூபாய்க்குள்ள நல்லதா ஒண்ணு சொல்லுங்க. கூட வேற என்ன டூல் வேணும்னும் சொல்லுங்க ப்ளீஸ்.

கவாத்து
எந்த ஊர்க் காடு? எத்தனை பேர்? சமையல் விறகிலயா, கேஸ் ஸ்டவ்விலயா? கத்தியை எதால தட்டினீங்க? இது தெரியாம எதைச் சொன்னாலும் குத்துமதிப்பாத்தான் இருக்கும்.

பட்டறைவாசல்
ஒடிஞ்ச இடத்தைப் பார்க்காமலே சொல்லலாம். பிடி குழாய் மாதிரி உள்ளே காலியா இருந்தா, அலகோட வால் பிடிக்குள்ள நீளமா போக இடமே இல்ல. ஒரு குட்டித் துண்டை நட்டு போட்டு முறுக்கியிருப்பாங்க. தட்டுற அடி மொத்தமும் அந்த ஒரு இடத்துல போய் விழும். இரும்பு எவ்வளவு நல்லதா இருந்தாலும் அங்கதான் போகும். ஆன்லைன் எல்லாம் விடுங்க. ஊர்ப் பட்டறையில லாரி ஸ்ப்ரிங் பட்டையில அடிச்ச அரிவாள் ஒண்ணு வாங்குங்க. உங்க பட்ஜெட்ல பாதிகூட ஆகாது, உங்க பையன் காலத்துக்கும் வரும்.

மேற்குச்சரிவு
இந்தக் கேள்வி இங்க மாசம் தவறாம வருது. பழைய இழைகளைத் தேடிப் படிச்சிட்டு வந்திருந்தா இந்நேரம் கத்தியே வாங்கியிருக்கலாம். ஒரே விதிதான். அலகும் வாலும் ஒரே துண்டா பிடியோட கடைசி வரைக்கும் போகணும், கார்பன் ஸ்டீலா இருக்கணும். மத்ததெல்லாம் பொம்மை. மோரா கம்பெனியோட கார்பெர்க் கத்தி 3.2 மி.மீ. தடிமன், அது மாதிரி பாருங்க. பட்ஜெட்டை ஏத்துங்க.

ஸ்கார்பரோ_தம்பி
நான் இஞ்ச கனடாவில. கோடையில அல்கொன்குயின் பார்க்குக்குக் கனூவில போறனாங்கள். வச்சிருக்கிறது சாதாரண மோரா கம்பானியன், 2.5 மி.மீ. தான். வால் கடைசி மட்டும் போகாது, எண்டாலும் ஒரு நாளும் முறியேல்லை. மழையில ஊறின கட்டைக்கு உள்பக்கம்தான் காய்ஞ்சிருக்கும், அதால பிளக்கிறது அவசியம். ஆனா கத்தியின்ர முதுகில மரத்தடியாலதான் தட்டவேணும். கட்டையும் மணிக்கட்டு மொத்தத்துக்கு மேல வேண்டாம். கணு இருந்தா அந்தக் கட்டையை விட்டிட்டு வேற எடுங்கோ. அண்ணை எதால தட்டினவர் எண்டு இன்னும் சொல்லேல்லை.

மேற்குச்சரிவு
கனடா குளிருக்கு எது வேணா ஓடும் தம்பி. நம்ம மலையில வேற கணக்கு.

ஈரமண்
அதான் அண்ணே, நம்ம மலைக்குத்தான் கார்பன் ஒத்துவராது. பருவமழையில வால்பாறைப் பக்கம் ஒரு ராத்திரி உறையில வச்சுட்டுக் காலையில எடுத்தா அலகு முழுக்கச் செம்புள்ளி. அதுலயும் தோல் உறையா இருந்தா ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும். கம்பானியன் ஸ்டெயின்லெஸ்ல வர்றது 12சி27 இரும்பு. 13.5 சதவீதம் குரோமியம். எலுமிச்சை அறுத்துட்டுத் துடைக்காம விட்டாலும் கறுக்காது.

மேற்குச்சரிவு
துருன்னா சோம்பேறித்தனம். தினம் ராத்திரி ரெண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினா முடிஞ்சது. கார்பன் சாணைக்கல்லுல சீக்கிரம் கூர் ஏறும். முதுகை விளிம்பு கூர்மையா தேய்ச்சு வச்சா சக்கிமுக்கிக் கம்பியில (தேய்ச்சா பொறி பறக்குமே, அந்த ஃபெரோ ராட்) தீப்பொறியும் நல்லா வரும்.

ஈரமண்
தீப்பொறிக்கு முதுகு விளிம்பு கூர்மையா இருக்கணும், அவ்வளவுதான். ஸ்டெயின்லெஸ்ல அந்த விளிம்பு இருந்தாலும் வரும், பொறி கம்பியில இருந்து உதிர்றது. கார்பன்தான் வேணும்ங்கறது எஃகுத் துண்டை உண்மையான சக்கிமுக்கிக் கல்லுல அடிக்கிற பழைய முறைக்கு. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க.

பட்டறைவாசல்
அரிவாளுக்குத் துரு பிடிச்சா சாணைக்கல்லுல ரெண்டு இழுப்பு இழுத்தாப் போச்சு. இத்தனை தலைமுறையா மலைத்தோட்டத்துல வேலை பார்க்கிறவங்க எந்தக் கத்தியை வச்சிருக்காங்கன்னு போய்ப் பாருங்க.

மலைக்கிளி_88
ஸாரி, வேலையில இருந்தேன். கல்லாலதான் தட்டினேன். ஆறு பேர். சிறுமலையில சித்தப்பா தோட்டத்துல ரெண்டு ராத்திரி, விறகு அடுப்புதான். அங்க இருந்து டாப்ஸ்லிப் போய் ஒரு நாள் ட்ரெக். திண்டுக்கல் வரைக்கும் பஸ்.

கவாத்து
இதை முதல்லயே சொல்லியிருந்தா பாதி இழை மிச்சமாயிருக்கும். ஆறு பேருக்கு விறகடுப்புன்னா கத்தியால கட்டை பிளக்கிற வேலையே வேண்டாம். மரக்கிளை வெட்டுற மடக்கு ரம்பம் ஒண்ணு வாங்குங்க, இழுக்கும்போது அறுக்கிற பல் உள்ளது. 18, 20 செ.மீ. அலகு போதும். மணிக்கட்டு மொத்தக் காய்ஞ்ச கிளை நிமிஷத்துல துண்டாகும், கையும் நழுவாது. பிளக்க அரிவாளோ கொடுவாளோ சித்தப்பா தோட்டத்துலயே கட்டாயம் இருக்கும். நீங்க பஸ்ல தூக்கிட்டுப் போக வேண்டாம். கத்தி சமையலுக்கும் கயிறு அறுக்கவும் மட்டும். அதுக்குக் கம்பானியன் ஸ்டெயின்லெஸ், இல்லைன்னா ஓபினெல் 8ஆம் நம்பர். ஓபினெல் மடக்குக் கத்தி, அலகு 8.5 செ.மீ., வளையத்தைத் திருப்பிப் பூட்டிக்கலாம். மரப்பிடி நனைஞ்சா உப்பி இறுகும், அது ஒண்ணுதான் குறை. ரெண்டுலயும் கட்டை பிளக்காதீங்க.

காட்டுவாகை
யாரும் சொல்லாத ஒண்ணு. டாப்ஸ்லிப் ஆனைமலை புலிகள் காப்பகத்துக்குள்ள இருக்கு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல 31ஆம் பிரிவு, எழுத்துல முன் அனுமதி இல்லாம சரணாலயத்துக்குள்ள ஆயுதத்தோட போகக் கூடாதுன்னு சொல்லுது. அந்தச் சட்டம் ஆயுதம்னு சொல்றதுல துப்பாக்கி, வில் அம்பு, கண்ணி மட்டும் இல்ல, கத்தியும் தூண்டில் முள்ளும் சேரும். உங்க ஒடிஞ்ச கத்தியோட பிடிக்குள்ள அந்த முள் இருந்தா அதையும் எடுத்துடுங்க. ட்ரெக்குக்கு வனத்துறை வழிகாட்டி கூடவே வருவார். உங்களுக்கு அங்க தேவை தண்ணி, அட்டைக்கு உப்பு, மழைக்கோட்டு. கத்தி, ரம்பம் எல்லாம் சித்தப்பா வீட்லயே இருக்கட்டும்.

மேற்குச்சரிவு
நகவெட்டி அளவுல இருக்கிற ஸ்விஸ் கத்தியை யார் வந்து கேட்கப் போறாங்க? ஆயுதச் சட்டத்துல 9 அங்குலத்துக்கு மேல நீளம் இல்ல 2 அங்குலத்துக்கு மேல அகலம் இருந்தாத்தான் கணக்கு. சும்மா பயமுறுத்தாதீங்க.

காட்டுவாகை
நீங்க சொல்றது 2016 ஆயுத விதிகள். வீட்டு உபயோக, விவசாயக் கருவிகளை அதுல விட்டுட்டாங்க. நான் சொன்னது வேற சட்டம், அதுல அளவே கிடையாது. கேட்கிறவர் கேட்காம விடலாம், ஆனா அதை நம்பி ஆறு பேர் பயணத்தைப் பணயம் வைக்கச் சொல்லாதீங்க. அந்தக் காட்டுல வேட்டைக் கண்ணி வைக்கிறவங்களும் சாதாரணக் கத்தியோடதான் வர்றாங்க. காவலர் பையைத் திறந்து பார்த்தா அவர் சந்தேகம் நியாயமானது.

பட்டறைவாசல்
அதுவும் சரிதான். சிறுமலையோட அரிவாள் வேலை முடிஞ்சது.

ஸ்கார்பரோ_தம்பி
இன்னொண்டு. ஆறு பேர் எண்டபடியால் சொல்லுறன், கத்தியைக் கையில எடுத்தால் கை நீட்டுற தூரத்துக்குள்ள ஒருத்தரும் நிக்கக் கூடாது. குந்தியிருந்து ரெண்டு தொடைக்கும் நடுவில சீவவேண்டாம், வழுக்கினால் தொடை ரத்தக்குழாயில போகும். முழங்காலுக்கு வெளிப்பக்கமா சீவுங்கோ. இறுக்கிக் கட்டத் துணி ஒண்டும் பையில வையுங்கோ.

கவாத்து
@மலைக்கிளி_88 வாங்கியாச்சா?

ஈரமண்
ஆள் கிளம்பியிருப்பார்.

மலைக்கிளி_88
போயிட்டு வந்தாச்சு, எல்லாருக்கும் நன்றி. மடக்கு ரம்பமும் கம்பானியன் ஸ்டெயின்லெஸ்ஸும் வாங்கினேன். கொடுவாள் சித்தப்பா குடுத்தார். டாப்ஸ்லிப்புக்கு எதையும் எடுத்துட்டுப் போகல. ரம்பத்துல பிசின் கறுப்பா ஒட்டிக்கிச்சு, இப்ப இழுத்தாச் சிக்குது. எப்படி எடுக்கறது? பல்லுக்கு அரம் போடலாமா?

கவாத்து
அரம் வேண்டாம். பல் நுனி நீலமா கறுத்திருந்தா சூடேத்திக் கடினமாக்கினது, அதுல அரம் ஏறாது, வழுக்கும். மழுங்கினா அலகைத்தான் மாத்தணும். பிசினுக்கு மண்ணெண்ணெய் நனைச்ச துணியால துடைங்க, இடுக்குல இருக்கறதைப் பழைய பல் பிரஷ்ஷால தேய்ங்க. காய்ஞ்சதும் மெல்லிசா எண்ணெய் தடவி மடக்கி வைங்க.