மறு: சர்ஜ் பிரேக்குக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

மொழிபெயர்ப்புக் குழுவினருக்கு வணக்கம். படகு டிரெய்லரில் வரும் சர்ஜ் பிரேக்குக்குக் குழுவில் ஒருவர் தந்த பரிந்துரை இது:

> 'எழுச்சித் தடுப்பி' பொருந்தும். சர்ஜ் என்றால் எழுச்சி, பிரேக் என்றால் தடுப்பி.

மன்னிக்கணும் ஐயா, இதைப் படித்ததும் எனக்குச் சென்னைத் தீவுத்திடலில் நடக்கும் கட்சி எழுச்சி மாநாடுதான் நினைவுக்கு வந்தது. எழுச்சியைத் தடுக்க போலீஸ் போதும், மெக்கானிக் எதற்கு? அகராதியைக் கொஞ்சம் மூடிவைத்துவிட்டு வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்போம்.

படகு டிரெய்லரில் மிதிப்பதற்குப் பெடல் கிடையாது. இழுக்கிற கார் வேகத்தைக் குறைத்ததும், பின்னால் வரும் டிரெய்லர் தன் வேகத்திலேயே வந்து முட்டுகிறது. அந்த முட்டில் டிரெய்லரின் முன்முனை கொஞ்சம் உள்வாங்கி, அங்கே இருக்கும், பிரேக் திரவம் நிறைந்த மாஸ்டர் சிலிண்டரை அமுக்குகிறது. அழுத்தம் குழாய் வழியே சக்கரங்களுக்குப் போய் பிரேக் பிடிக்கிறது. இறக்கத்தில் பாரவண்டி மாட்டைப் பின்னாலிருந்து நெட்டுமே, அந்த நெட்டுதலையே பிரேக்காக மாற்றிய ஏற்பாடு. பிரிட்டனில் இதையே ஓவர்ரன் பிரேக் என்கிறார்கள். எனவே சர்ஜ் என்ற சொல்லையே நாம் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை.

என் பரிந்துரை 'முட்டு பிரேக்'. சொல் என்னுடையதுகூட இல்லை. முட்டுக்காட்டு உவர்நீரில் பலமுறை இறங்கி ஏறிய ஒரு நண்பரின் டிரெய்லரைப் புதுப்பேட்டையில் ஒரு பட்டறைக்குக் கொண்டு போயிருந்தோம். நான் சர்ஜ் பிரேக் என்று விளக்க ஆரம்பித்ததும் மெக்கானிக், "முட்டினா பிடிக்குமே, அதானே சார்?" என்று கேட்டுவிட்டு டிரம்மைக் கழற்றப் போய்விட்டார். உள்ளே, திரவ அழுத்தத்தால் பிரேக்கைப் பிடிக்கவைக்கும் வீல் சிலிண்டரின் பிஸ்டன் இறுகிப்போய், ஓரமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. திரவம் கசியாமல் தடுக்கும் கப் ரப்பரை நகத்தால் சுரண்டினால் கறுப்பாகக் கையில் ஒட்டியது. ஒவ்வொரு முறையும் கரையேறியதும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

முட்டுக்கட்டை, முட்டுக்கொடுப்பது என்று நிறுத்திவைக்கும் பொருளும் இந்தச் சொல்லிலேயே இருக்கிறது. பிரேக் என்ற சொல்லை அப்படியே விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். 'தடை' என்றால் தெருவில் இருக்கும் வேகத்தடைதான் கண்முன் வரும்.

ரிவர்ஸ் எடுப்பதை வைத்துச் சொல்லைச் சோதித்துப் பார்த்தேன். பின்னால் தள்ளும்போதும் கார் டிரெய்லரை முட்டத்தான் செய்யும், பிரேக்கும் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் ரிவர்ஸ் விளக்கின் மின்சாரத்தில் இயங்கி, திரவம் சக்கரத்துக்குப் போகாமல் அடைக்கும் வால்வு ஒன்றைப் பல டிரெய்லர்களில் வைக்கிறார்கள். 'முட்டு' என்று சொல்லிவிட்டால் இது எதற்கு என்று தனியாக விளக்க வேண்டியதே இல்லை. வால்வுக்கு 'முட்டுத்தாழ்' என்று எழுதியிருக்கிறேன்.

> பிரேக் ஆயில் = தடுப்பெண்ணெய்

இதை மட்டும் தயவுசெய்து வேண்டாம். பேச்சில் ஆயில் என்கிறோம், சரி. ஆனால் எழுத்தில் எண்ணெய் என்று போட்டால் யாராவது என்ஜின் ஆயிலை ஊற்றிவைப்பார்கள். ரப்பரெல்லாம் ஊதிப்போகும். பிரேக் திரவத்தில் வழக்கமான டாட் 3, டாட் 4 தரங்கள் இரண்டும் கிளைக்கால் என்ற வேதிப்பொருள் வகை. எண்ணெய்போல் நீரோடு ஒட்டாமல் நிற்பதில்லை, காற்றிலிருக்கும் ஈரத்தைக்கூட உறிஞ்சிக்கொள்ளும். புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. 3.7 சதவீதம் நீர் கலந்துவிட்டால் அந்த வரம்பே 140க்கு இறங்கிவிடுகிறது. தண்ணீரில் முங்கி எழும் வண்டிக்கு இது சின்ன விஷயமில்லை. 'பிரேக் திரவம்' போதும்.

அப்புறம் பிளீடிங், அதாவது பிரேக் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது. 'குருதி வடித்தல்' என்று ஒருவர் எழுதியதைப் படித்து என் மனைவி பயந்தே போனார். பட்டறையில் ஏர் எடுக்கிறது என்றுதான் சொல்கிறார்கள். 'காற்றெடுப்பு' என்று எழுதிவிடலாமே. பெடல் இல்லாததால் ஒருவர் முன்னால் நின்று ஸ்குரூடிரைவரால் மாஸ்டர் சிலிண்டரின் தண்டைத் தள்ளித் தள்ளி விட, இன்னொருவர் தொலைவில் இருக்கும் சக்கரத்தில் தொடங்கி, திருகைத் திறந்து குமிழி நிற்கும்வரை பார்க்க வேண்டும். எடுப்பது காற்றைத்தான், ரத்தத்தை இல்லை.

இன்னும் மாட்டிக்கொண்டு நிற்பது ஆக்சுவேட்டர், அதாவது முட்டும்போது உள்வாங்கி மாஸ்டர் சிலிண்டரை அமுக்கும் அந்த முன்முனைப் பகுதி. இப்போதைக்கு 'முட்டுக்கூடு' என்று போட்டிருக்கிறேன், எனக்கே முழுத் திருப்தி இல்லை. குருவிக்கூடு மாதிரி ஒலிக்கிறது. வேறு சொல் யாருக்காவது தோன்றினால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். அதுவரை நாம் மொழிபெயர்க்கும் பிரேக் அத்தியாயம் என்னிடம்தான் இருக்கும்.