கான்சன்ட்ரேஷன் இன்டெக்ஸ்: ‘செறிவு’ பொருந்துமா?

சொற்பட்டியல் குழுவினருக்கு வணக்கம்.

நோய் போன்றவை ஏழை, பணக்காரரிடையே எப்படிப் பகிரப்பட்டிருக்கின்றன என்று அளக்க நலவாழ்வுப் பொருளியலில் வரும் ‘கான்சன்ட்ரேஷன் இன்டெக்ஸ்’ என்பதை அகராதியைப் பார்த்து மொழிபெயர்த்தால் ‘செறிவுக் குறியீடு’ என்று வரும். இது வேண்டாம் என்பது என் கருத்து. செறிவு என்றதும் மாணவருக்குக் கரைசல்தான் நினைவுக்கு வரும். அதைவிடப் பெரிய குறை, இந்த அளவை எதை எதோடு சேர்த்துப் பார்க்கிறது என்பது அச்சொல்லில் தெரிவதில்லை.

வருமான ஏற்றத்தாழ்வுக்கு 1905இல் லோரென்ஸ் வரைந்த வளைகோடும் 1912இல் கொராடோ ஜினி தந்த கெழுவும் இருக்கின்றன. அங்கே ஆட்களை வருமானப்படி நிறுத்தி, அதே வருமானம் எப்படிப் பகிரப்பட்டிருக்கிறது என்று பார்க்கிறோம். நாம் பேசும் அளவையில் வரிசைக்கு ஒன்று, அளப்பதற்கு வேறொன்று. ஏழையிலிருந்து பணக்காரர் வரை நிறுத்திவிட்டு நோயை எண்ணுகிறோம். வாக்ஸ்டாஃப், பாச்சி, வான் டோர்ஸ்லேர் ஆகிய மூவரும் 1991இல் இதைத்தான் வலியுறுத்தினார்கள்.

ஐந்து பேரை எடுத்துக்கொள்வோம். வசதி குறைந்தவரில் தொடங்கி, நோயுற்ற நாள்கள் 8, 6, 3, 2, 1. மொத்தம் 20. வரிசையை ஐந்து சம பங்காக்கி நடுப்புள்ளிகளை எடுத்தால், அவரவர் இடம் 0.1, 0.3, 0.5, 0.7, 0.9. நாளை இடத்தால் பெருக்கிக் கூட்டினால் 6.4. அதை இரட்டித்து 20ஆல் வகுத்து 1ஐக் கழித்தால் −0.36. குறை எண் வந்தால் நோய் ஏழைகள் பக்கம் கூடுதல் என்று பொருள்.

அதே நாள்களை 1, 8, 3, 6, 2 என்று மாற்றிப் போடுங்கள். கூட்டினால் 10, விடை 0. நோய்நாள்களின் ஜினி கெழுவோ இரண்டு முறையும் 0.36தான். ஆளின் வசதி அந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை. இந்த வேறுபாடு பெயரிலேயே தெரிய வேண்டும்.

என் பரிந்துரை: ‘வசதிவாரி ஏற்றத்தாழ்வெண்’. சாதிவாரி, மாவட்டவாரி என்பவை எல்லோருக்கும் பழகிய சொற்கள். ‘குறியீட்டெண்’ என்பதைத் தவிர்த்ததற்கும் காரணம் உண்டு. விலைக் குறியீட்டெண்ணுக்குப் பழகியவர் அடிப்படை ஆண்டு எது என்று தேடுவார். இங்கே அப்படி ஒன்று கிடையாது.

* * *

> செறிவு என்றதும் மாணவருக்குக் கரைசல்தான் நினைவுக்கு வரும்

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூலச்சொல்லிலிருந்து இவ்வளவு விலக வேண்டுமா? ‘குவிவு’ என்று வைத்தால் என்ன? நோய் ஏழைகளிடம் குவிகிறது என்று பேச்சிலும் சொல்கிறோமே.

* * *

குவிவு இரண்டு இடங்களில் இடிக்கும். குவிவு ஆடி, குழிவு ஆடி என்று ஒளியியலில் அது வடிவத்தைக் குறிக்கிறது. நம் அளவைக்கும் லோரென்ஸ் வரைந்தது போன்ற ஒரு வளைகோடு உண்டு. அதையும் குவிவா குழிவா என்று பேச நேரும்போது படிப்பவர் தடுமாறுவார். புள்ளியியலிலோ, கூட்டிக்கொண்டே போகும் எண்ணிக்கையைச் சொல்லக் குவிவு நிகழ்வெண் இருக்கிறது. வளைகோட்டின் இரண்டு அச்சுகளிலும் குறிப்பது அப்படிக் கூட்டிக்கொண்டே போன பங்குகளைத்தான். ‘குவிவு வளைகோட்டின் குவிவுப் பங்கு’ என்று எழுத வேண்டி வரும். ‘திரள்’ என்று மாற்றினாலும் தப்ப முடியாது. இலங்கைப் பாடநூல்களில் ‘திரள் மீடிறன்’ அதே பொருளில் இருக்கிறது. சாய்வு என்றும் வைக்க வழியில்லை. ஸ்லோப் இன்டெக்ஸ் என்று தனியே ஓர் அளவை இருப்பதால் அந்தச் சொல்லை அதற்கு விட்டுவைக்க வேண்டும்.

எனக்கு ‘வாரி’யில்தான் தயக்கம். சாதிவாரி, மதவாரி என்பவை பிரித்து அடுக்குவதைச் சொல்கின்றன. எது முன், எது பின் என்று சொல்வதில்லை. இந்தக் கணக்குக்கோ கீழிருந்து மேலாக ஒரே வரிசை கட்டாயம். மதங்களை அப்படி நிறுத்த முடியாது, ஆகவே மதவாரியாக இதைக் கணக்கிடவும் முடியாது. பெயரில் ‘வாரி’ இருந்தால் முடியும் என்றே மாணவர் நம்புவார். அதனால் ‘வசதிவரிசை ஏற்றத்தாழ்வெண்’. பள்ளியில் படித்த ஆண்டுகளால் வரிசைப்படுத்தினால் ‘கல்விவரிசை’. வரிசைக்கும் அளப்பதற்கும் ஒரே மாறியை வைத்தால் கிடைப்பது ஜினி கெழு. அதைத் ‘தன்வரிசை’ என்று விளக்கினால் இரண்டுக்கும் உள்ள உறவு ஒரே சொல்லில் விளங்கிவிடும்.

‘வசதி’ என்பதை ‘வருமானம்’ என்று மாற்றிவிட வேண்டாம். தேசியக் குடும்பநல ஆய்வு, வீட்டில் உள்ள பொருள்கள், குடிநீர், கழிப்பறை, வீட்டின் கட்டுமானம் போன்றவற்றிலிருந்து மதிப்பெண் தருகிறது. அந்த மதிப்பெண்ணை வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் கொடுத்து, மக்களை ஐந்து சம பங்காகப் பிரிக்கிறார்கள். அதிலிருந்து வருவது வசதிவரிசைதான்.

* * *

வரிசைக்கு என் ஒப்புதல். ஆனால் இன்னொரு பெயரும் கூடவே தேவை. இல்லாவிட்டால் தவறான ஒப்பீடுகள் வரும்.

ஆம், இல்லை என்ற இரண்டே விடை உள்ள மாறியில் இந்த எண்ணின் எல்லை −1, +1 அல்ல. பெரிய மாதிரியில், 90% குழந்தைகள் தடுப்பூசி போட்டிருந்தால் அது −0.1க்கும் +0.1க்கும் நடுவில்தான் நிற்கும். 50% போட்ட மாவட்டத்தில் அதே எல்லை 0.5. இரண்டையும் பக்கத்தில் வைத்து, முதல் மாவட்டத்தில் ஏற்றத்தாழ்வு குறைவு என்று எழுதுவது பிழை. அதோடு, 90% மாவட்டத்தில் போட்டவர்களுக்கு 0.05 வந்தால், போடாதவர்களுக்கு −0.45 வரும். நிலவரம் ஒன்றுதான், எண்கள் மட்டும் ஒன்பது மடங்கு வேறு.

2005இல் வாக்ஸ்டாஃப் சொன்ன திருத்தம், சராசரியை, அதாவது ஆம் என்றவர்களின் பங்கை, 1இலிருந்து கழித்து, வரும் விடையால் இந்த எண்ணை வகுப்பது. 0.05ஐ 0.1ஆல் வகுத்தால் 0.5, −0.45ஐ 0.9ஆல் வகுத்தால் −0.5. கண்ணாடியில் பார்த்ததுபோல் பொருந்துகிறது. எரேகர்ஸ் 2009இல் தந்த வழியில் திருத்தாத எண்ணைச் சராசரியால் பெருக்கி நான்கு மடங்காக்க வேண்டும்: 0.18, −0.18. இரண்டு திருத்தங்களும் வெவ்வேறு விடை தருவதால் எதைக் கையாண்டோம் என்று சொல்லாமல் விடக்கூடாது. ‘எல்லை திருத்திய வசதிவரிசை ஏற்றத்தாழ்வெண், வாக்ஸ்டாஃப் முறை’ என்று முழுதாக எழுதலாம். நீளம்தான், ஆனால் அட்டவணைத் தலைப்பில் ஒருமுறை வந்தால் போதும்.

* * *

வாரியை விட்டுவிடுகிறேன். மதவாரி எடுத்துக்காட்டுக்குப் பிறகு அதைத் தாங்கிப் பேச முடியாது.

சொற்பட்டியலில் இப்படிச் சேர்க்கிறேன்: வசதிவரிசை ஏற்றத்தாழ்வெண், வசதிவரிசை வளைகோடு, எல்லை திருத்திய வசதிவரிசை ஏற்றத்தாழ்வெண். விளக்கத்தில் குறை எண்ணின் பொருளைத் தனி வரியாகச் சொல்ல வேண்டும்: நோயை அளந்தால் அது ஏழைக்குப் பாதகம், தடுப்பூசியை அளந்தால் ஏழைக்குச் சாதகம். ‘சமத்துவமின்மை எண்’ என்றும் சிலர் கேட்கக்கூடும். அச்சொல்லில் நியாயம், அநியாயம் என்ற தீர்ப்பும் கலந்திருக்கிறது. எண் அதைச் சொல்வதில்லை. ஸ்லோப் இன்டெக்ஸுக்கான ‘சாய்வெண்’ பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.