பேஸ் கிட்டார் பயிற்சிக்கு வீட்டிலேயே ஸ்பீக்கர் பாக்ஸ்: செய்தவர்கள் அனுபவம்

நாலுகம்பி

பேஸ் வாசிக்க வீட்டிலேயே சின்ன ஸ்பீக்கர் பாக்ஸ் செய்தவர்கள் விவரத்தை இங்கே போடுங்கள். பலகை, அளவு, ஸ்பீக்கர், எது சொதப்பும், ஏன் சொதப்பும், எல்லாம் வேண்டும். மூடிய பெட்டியிலிருந்து நான் ஆரம்பிக்கிறேன்.

பெட்டியை முதலில் அடித்துவிட்டு அதற்குள் நுழையும் ஸ்பீக்கரைத் தேடக் கூடாது. ஸ்பீக்கரின் தரவுத்தாளில் இருக்கும் மூன்று எண்கள்தான் பெட்டி எத்தனை லிட்டர் என்று சொல்லும்: எஃப்எஸ் (பெட்டி இல்லாமல் ஸ்பீக்கர் தானாக ஒத்ததிரும் ஹெர்ட்ஸ்), க்யூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்வளவு அடங்குகிறது என்ற எண், குறைந்தால் அடக்கம் அதிகம்), விஏஎஸ் (ஸ்பீக்கரின் தொங்கலுக்கு ஈடான விறைப்புள்ள காற்று, லிட்டரில்). நெவில் தீல் 1961-ல் எழுதியதை ரிச்சர்ட் ஸ்மால் 1970-களில் விரிவாக்கினார். பாக்ஸ் கணக்குப் போடும் மென்பொருள்கள் இன்றும் அதன்மேல்தான் நிற்கின்றன. தரவுத்தாள் இல்லாத ஸ்பீக்கரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

மூடிய பெட்டிக்கு மென்பொருளும் வேண்டாம். பெட்டிக்குள் வைத்த பிறகு மொத்த க்யூ 0.7 அளவில் இருந்தால் பேஸ் இறுக்கமாகக் கேட்கும். அந்த 0.7-ஐ க்யூடிஎஸ்ஸால் வகுத்து, வர்க்கமாக்கி, ஒன்றைக் கழியுங்கள். வரும் எண்ணால் விஏஎஸ்ஸை வகுத்தால் லிட்டர் கிடைத்துவிடும். எஃப்எஸ் 50 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் 0.45, விஏஎஸ் 30 லிட்டர் உள்ள ஒரு 8 அங்குல ஸ்பீக்கருக்கு ஏறக்குறைய 20 லிட்டர் வரும். பெட்டியின் ஒத்ததிர்வு 79 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே ஒலி ஆக்டேவுக்கு, அதாவது ஹெர்ட்ஸ் பாதியாகும் ஒவ்வொரு தடவைக்கும், 12 டெசிபல் வீதம் சரியும்.

திறந்த ஈ கம்பி 41.2 ஹெர்ட்ஸ் ஆயிற்றே, 79-ல் சரிந்தால் எப்படி என்று உடனே கேள்வி வரும். அந்த அடிச்சுரம் இந்தப் பெட்டியில் 11, 12 டெசிபல் குறைவாகத்தான் வரும், உண்மை. ஆனால் அதே கம்பியின் 82.4, 123.6 ஹெர்ட்ஸ் மேற்சுரங்கள் பெரிதாகக் குறையாமல் வருகின்றன. அவற்றை வைத்துக் காது அடிச்சுரத்தை நிரப்பிக்கொள்ளும். பயிற்சிக்கு வேண்டியது 80 ஹெர்ட்ஸுக்கு மேலே சுத்தமான ஒலி. 41-ஐத் துரத்தினால் பெட்டி வளரும், ஸ்பீக்கர் திணறும், விரல் தவறு செய்தால் அதுவும் தெளிவாகக் கேட்காது.

இதே ஸ்பீக்கரை 5 லிட்டரில் அடைத்தால் என்ன ஆகும்? க்யூ 1.19-க்கு ஏறும், ஒத்ததிர்வு 132 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும், 160 ஹெர்ட்ஸ் பக்கம் 2 டெசிபலுக்கு மேல் ஒரு மேடு எழும். ஜி கம்பியில் 9-ஆம் ஃப்ரெட்டை அழுத்தினால் 164.8 ஹெர்ட்ஸ். சரியாக அந்த மேட்டில் போய் உட்காரும். ஒரே பலத்தில் வாசித்தாலும் அந்தச் சுரமும் அதன் அக்கம்பக்கமும் துருத்திக்கொண்டு கேட்கும். ஈ கம்பியோ மெலிந்துவிடும். விரலில்தான் கோளாறு என்று நினைத்து அதைத் திருத்தப் போனால் கை கெட்டுப்போகும்.

இழைப்புளி

அருமையான தொடக்கம். தனியாக வாசிக்க மூடிய பெட்டியே போதும் என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. கூட ஒருவர் கிட்டாரோ டிரம்ஸோ வாசிப்பார் என்றால் 10 அங்குல ஸ்பீக்கரும் போர்ட்டும் (பெட்டிக்குள்ளிருந்து காற்று வெளியே வரும் குழாய்) தேவைப்படும். 40 லிட்டர், 48 ஹெர்ட்ஸ் ட்யூனிங்குக்கு (பெட்டிக் காற்றும் குழாய்க் காற்றும் சேர்ந்து ஒத்ததிரும் இடம்) மரவேலை அளவு தருகிறேன். உங்கள் ஸ்பீக்கரின் எண்களுக்கு இது ஒத்துவருகிறதா என்று மென்பொருளில் ஒருமுறை பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

பலகை 15 மி.மீ. பிளைவுட். முன்பலகையும் பின்பலகையும் 45 × 39 செ.மீ., பக்கங்கள் இரண்டும் 45 × 29, மேலும் கீழும் 36 × 29. மேல், கீழ்ப் பலகைகள் பக்கப் பலகைகளுக்கு நடுவே உட்காரும். முன்னும் பின்னும் சட்டத்தின்மேல் படியும். 4 அடிக்கு 4 அடி பலகை தாராளம். உள்ளே 42 × 36 × 29, அதாவது 43.8 லிட்டர் வரும். ஸ்பீக்கரின் காந்தமும் கூடையும் ஒன்றரை லிட்டர், போர்ட் குழாய் இன்னொரு ஒன்றரை, குறுக்குச் சட்டம் ஒரு லிட்டர் தின்றால் மிச்சம் 40. இந்தக் கழித்தலை மறந்தவர்களின் பெட்டிதான் கணக்கில் ஒன்றும் காதில் ஒன்றுமாக இருக்கும்.

எம்டிஎஃப் வேண்டாம் என்பது என் கட்சி. ஒலியில் குறை கிடையாது. ஆனால் எடை அதிகம், ஈரம் பட்டால் உப்பும், ஓரத்தில் திருகு ஏற்றினால் பிளக்கும். எம்டிஎஃப்தான் கையில் இருக்கிறது என்றால் திருகுக்கு முன்னால் கட்டாயம் சின்ன ட்ரில் துளை போடுங்கள். ஓரத்துக்கு மரப்பசையில் தண்ணீர் கலந்து இரண்டு பூச்சு கொடுங்கள்.

ஒட்டும்போது பசையைத் தாராளமாக வைத்து கிளாம்ப் போடுங்கள். உள்பக்கம் பிதுங்கும் பசையைத் துடைக்காமல் விரலால் மூலை நெடுக இழுத்துவிட்டால் அதுவே காற்றுக்கசிவை அடைக்கும். கிளாம்ப் இறுக்குவதற்கு முன் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து பாருங்கள். 2 மி.மீ. வித்தியாசம் இருந்தாலே பின்பலகை ஒரு மூலையில் தூக்கும். அக்ரிலிக் சீலன்ட் நல்லது. புளிப்பு வாடை வீசும் சிலிகான் என்றால் அது முழுதாக உலர்ந்து வாடை போகும்வரை ஸ்பீக்கரை மாட்டக் கூடாது. அந்த ஆவி உலோகத்தை அரிக்கும்.

ஸ்பீக்கருக்கான வட்டத்தை வெளிவிட்டத்துக்கு வெட்டிவிடாதீர்கள். 10 அங்குல ஸ்பீக்கருக்கு வெட்டு விட்டம் பெரும்பாலும் 23 செ.மீ. அக்கம்பக்கம்தான், தரவுத்தாளில் தனியாகப் போட்டிருப்பார்கள். ஜிக்ஸாவால் வெட்டினால் கோட்டுக்கு ஒரு மி.மீ. உள்ளேயே வெட்டி, உப்புத்தாளால் தேய்த்துக் கொண்டுவாருங்கள். ஸ்பீக்கரைப் பிடிக்க மரத்திருகு வேண்டாம், எம்5 போல்ட்டும் பலகையின் பின்பக்கம் பதியும் டீ-நட்டும் போடுங்கள். மரத்திருகை இரண்டு மூன்று தடவை கழற்றி மாட்டினால் துளை தளர்ந்து, தளர்ந்த இடம் கரகரக்கும்.

போர்ட்டுக்கு 4 அங்குல பிவிசி குழாய். உள்விட்டம் சரியாக 10 செ.மீ. என்றால் நீளம் 18.2 செ.மீ., முன்பலகையின் கனத்தையும் சேர்த்து. உள்விட்டம் 10.4 ஆக இருந்தால் நீளம் 20 ஆகிவிடும். அதனால் குழாயின்மேல் அச்சடித்த அளவை நம்பாமல் வாயை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 7.5 செ.மீ. குழாய் என்றால் 9 செ.மீ. நீளமே போதும், மாட்டவும் வசதி. ஆனால் ஈ கம்பியைப் பலமாக இழுத்தால் புஸ் புஸ் என்று காற்றுச் சத்தம் வரும், வழி குறுகினால் காற்று வேகமாக ஓடத்தானே வேண்டும். குழாயின் உள்முனைக்கும் பின்பலகைக்கும் நடுவே குழாயின் விட்டமளவு இடைவெளியாவது விடுங்கள்.

புதுவிரல்

அண்ணன்களுக்கு வணக்கம். பழைய 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் ஒன்றும், கார் சப்ஊஃபர் ஒன்றும் சும்மா கிடக்கின்றன. இரண்டில் எதையாவது போடலாமா? 8 ஓம், 4 ஓம் எதைப் பார்த்து எடுப்பது என்பதும் குழப்பமாக இருக்கிறது.

ஓம்மீட்டர்

தம்பி, இரண்டும் வேண்டாம்.

கிட்டார் ஸ்பீக்கரின் கோன் (முன்னும் பின்னும் ஆடும் கூம்பு) ஒரு பக்கத்துக்கு 1 மி.மீ. அளவுக்குத்தான் ஒழுங்காக நகரும். பேஸின் கீழ்ச்சுரம் அதைவிடப் பல மடங்கு நகரச் சொல்லும். கோனை ஆட்டும் கம்பிச்சுருளான வாய்ஸ்காயில் காந்தத்தின் இடைவெளியை விட்டு வெளியேறி முதலில் கர்ரென்று உடைந்த சத்தம் வரும், பிறகு உரசும், அப்புறம் ஸ்பீக்கர் போய்விடும். கார் சப்ஊஃபருக்கு நேர்மாறான சிக்கல். நன்றாக நகரும், ஆனால் 1 வாட்டுக்கு 85 டெசிபல் பக்கம்தான் கொடுக்கும். பேஸுக்கென்றே செய்த ஸ்பீக்கர் 94 தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்த 9 டெசிபலை ஈடுகட்ட ஆம்ப் 8 மடங்கு உழைக்க வேண்டும். அதோடு விரல் கம்பியைத் தொடும் ஒலி, ஸ்லாப் (கட்டைவிரலால் கம்பியை அடிப்பது), எல்லாம் 1 முதல் 3 கிலோஹெர்ட்ஸில் இருக்கிறது. சப்ஊஃபரில் அது வரவே வராது, போர்வைக்குள் வாசித்தது மாதிரி கேட்கும்.

ஓம் விஷயம் எளிது. ஆம்பின் பின்னால் குறைந்தபட்சம் என்று போட்டிருக்கும் எண்ணுக்குக் கீழே போகக் கூடாது. இரண்டு 8 ஓம் பேரலலில் 4, சீரீஸில் 16. மல்ட்டிமீட்டரை வைத்தால் 8 ஓம் ஸ்பீக்கர் ஆறு பக்கம் காட்டும், 4 ஓம் மூன்றரை பக்கம் காட்டும். மீட்டர் காட்டுவது டிசி மின்தடை. பழுது என்று பயப்பட வேண்டாம்.

க்ளாஸ் டி ஆம்ப் போர்டு (சூடு குறைவான சின்ன ஸ்விட்சிங் ஆம்ப்) வாங்கி உள்ளேயே பொருத்தப் போகிறவர்கள் மூன்றைக் கவனியுங்கள். போர்டில் 50 வாட் என்று எழுதியிருந்தாலும் 12 வோல்ட் அடாப்டரில் 8 ஓமுக்குச் சுமார் 9 வாட்டுக்கு மேல் சுத்தமாக வராது. 24 வோல்ட்டில் 36. இவற்றில் பெரும்பாலானவை பிரிட்ஜ் வெளியீடு, அதாவது இரண்டு முனையிலும் சிக்னல் இருக்கும். ஸ்பீக்கர் நெகட்டிவ் ஜாக்கின் உலோகத் தகடு வழியாக கிரவுண்டைத் தொட்டால் போர்டு போய்விடும், பிளாஸ்டிக் உடல் ஜாக் போடுங்கள். மூன்றாவது, கிட்டாரை நேராக இந்த போர்டில் சொருகினால் ஒலி மங்கும். பாஸிவ் பிக்கப்புக்கு (பேட்டரி இல்லாத பிக்கப்) எதிரே 1 மெகா ஓம் உள்ளீடு வேண்டும். நடுவில் ஒரு ப்ரீஆம்ப் (சிக்னலை முதலில் வாங்கி ஏற்றிக் கொடுக்கும் சுற்று) இருந்தே ஆக வேண்டும்.

வயரிங்குக்கு 1.5 சதுர மி.மீ. இரட்டை வயர். கிட்டார் கேபிளை ஆம்புக்கும் பாக்ஸுக்கும் நடுவே போடாதீர்கள், அதன் உள்வயர் மெல்லியது, சூடேறும். போலாரிட்டி பார்க்க 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டால் போதும். பாஸிட்டிவ் சரியாக இருந்தால் கோன் வெளியே தள்ளும். ஒற்றை ஸ்பீக்கரில் மாறிப்போனாலும் காதுக்குத் தெரியாது. இரண்டு போட்டு ஒன்று மட்டும் மாறினால் கீழ்ச்சுரம் காணாமல் போகும்.

நாலுகம்பி

போர்ட் பெட்டி பற்றி ஒரு எச்சரிக்கையைச் சேர்க்கிறேன். ட்யூனிங்குக்குக் கீழே போனதும் கோனுக்குப் பின்னால் காற்றின் பிடி இருக்காது, அது இஷ்டத்துக்கு ஓடும். 48 ஹெர்ட்ஸ் பெட்டியில் ஐந்து கம்பி பேஸின் திறந்த பி, அதாவது 30.9 ஹெர்ட்ஸ், இந்த ஆபத்தில்தான் விழுகிறது. தாளில் 150 வாட் என்று போட்ட ஸ்பீக்கர்கூட அங்கே முப்பது நாற்பது வாட்டில் முட்டலாம், ஏனென்றால் அந்த 150 சூட்டுக்கான எல்லை, நகர்வுக்கானது வேறு. 40 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வெட்டும் ஹைபாஸ் ஃபில்டர் ஒன்று போட்டுவிடுங்கள். மூடிய பெட்டியில் இந்தத் தொல்லை குறைவு. அதனாலேயே முதல் பெட்டி மூடியதாக இருக்கட்டும் என்பேன்.

பஞ்சு விஷயமும் இரண்டுக்கும் வேறு. மூடியதில் பாலியஸ்டர் பஞ்சைத் தளர்வாக உள்முழுதும் நிரப்பலாம், பெட்டி கொஞ்சம் பெரியதுபோல நடந்துகொள்ளும். போர்ட் பெட்டியில் பின்சுவர், மேல், ஒரு பக்கம் ஒட்டினால் போதும். குழாயின் வாயருகே பஞ்சு வந்தால் ட்யூனிங் செத்துவிடும்.

இழைப்புளி

ட்யூனிங்கைக் கண்ணாலேயே சோதிக்கலாம். போனில் டோன் ஜெனரேட்டர் போட்டு, குறைந்த சத்தத்தில் 65 ஹெர்ட்ஸிலிருந்து ஒவ்வொன்றாக இறக்குங்கள். கோன்மேல் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் அதன் ஆட்டம் குறைந்துகொண்டே வருவது தெரியும். ஓரிடத்தில் கோன் கிட்டத்தட்ட நின்றுவிடும், போர்ட் வாயில் கை வைத்தால் காற்று அடிக்கும். அதுதான் உங்கள் ட்யூனிங். 45 என்று வந்தால் குழாயை 5 மி.மீ., 5 மி.மீ. ஆக வெட்டி ஏற்றுங்கள். குழாய் பெட்டிச் சுவருக்கு அருகில் இருந்தால் கணக்கைவிடச் சற்றுக் கீழேதான் வரும், அதனால் நீளமாக வைத்து வெட்டிக் குறைப்பது எளிது.

மூடிய பெட்டிக்குச் சோதனை வேறு. கோனை ஐந்து விரலாலும் சமமாக, மெதுவாக அழுத்தி விடுங்கள். தயங்கித் தயங்கித் திரும்பினால் பெட்டி இறுக்கம். சட்டென்று துள்ளினால் எங்கோ கசிகிறது. முதலில் ஜாக் தகடு, அடுத்து ஸ்பீக்கர் கேஸ்கெட்.

கரகரப்பைப் பிடிக்க ஈ கம்பியின் திறந்த சுரத்திலிருந்து ஒவ்வொரு ஃப்ரெட்டாக மெதுவாக ஏறுங்கள். ஒரே ஒரு சுரத்தில் மட்டும் கரகரத்தால் தளர்ந்த பொருள். எல்லாக் கீழ்ச்சுரத்திலும் என்றால் ஸ்பீக்கர் எல்லை தாண்டுகிறது. தளர்ந்த பொருளில் முதல் சந்தேகம் உள்ளே தொங்கும் வயர்மீது, அதை டேப்பில் ஒட்டாமல் சட்டத்தோடு கட்டுங்கள். அடுத்தது வலைச்சட்டம், கைப்பிடி. பெட்டியை வேறு அறைக்குத் தூக்கிப்போனதும் சத்தம் நின்றுவிட்டால் பெட்டி மேல் குற்றமில்லை, முதல் அறையில் ஜன்னல் கண்ணாடியைப் பாருங்கள்.

ஓம்மீட்டர்

வைக்கும் இடத்துக்கு ஒரு வரி. 10 அங்குல கோன் 1.5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ஒலியை நேர்முன்னே மட்டும்தான் வீசும். தரையில் நேராக வைத்து நின்றுகொண்டு வாசித்தால் தெளிவெல்லாம் முழங்காலுக்குப் போகும், நீங்கள் ட்ரெபிளை ஏற்றிக்கொண்டே போவீர்கள். முன்பக்கத்துக்குக் கீழே ஒரு கட்டை கொடுத்துப் பெட்டியைப் பின்னால் சாய்த்து, கோன் முகத்தைப் பார்ப்பதுபோல வையுங்கள். மூலையில் வைத்தால் கீழ்ச்சுரம் கூடும். குழம்பினால் சுவரிலிருந்து அரை மீட்டர் தள்ளிப் பாருங்கள், பிறகு ஆம்பின் ஈக்யூவை (பேஸ், ட்ரெபிள் குமிழ்கள்) தொடுங்கள்.