ஹெக்ஸ்சாட்டுக்கு ஸ்கிரிப்ட் எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டவை

ஐஆர்சி என்ற எழுத்து அரட்டை முறையில் பேச உதவும் மென்பொருள் ஹெக்ஸ்சாட். அதற்கு ஸ்கிரிப்ட், அதாவது சிறு நிரல், எழுதிப் பட்ட பாட்டை மூன்று பேர் இங்கே சொல்கிறார்கள்.

ஹெக்ஸ்சாட்டுக்காகப் பைத்தான் மொழியில் நான் எழுதிய முதல் ஸ்கிரிப்ட் முப்பது வரிகூட வராது. அறையில் யாராவது என் பெயரைச் சொன்னால், "சற்று நேரத்தில் வருகிறேன்" என்று அது பதில் போடவேண்டும். அவ்வளவுதான். உடனே பதில் போனால் இயந்திரம் என்று கண்டுபிடித்துவிடுவார்களே என்ற கெட்டிக்காரத்தனத்தில், நடுவே டைம்.ஸ்லீப் என்ற தூங்கவைக்கும் கட்டளையைப் போட்டு ஐந்து விநாடி காக்க வைத்தேன்.

முதல் ஆள் கூப்பிட்டதும் ஜன்னல் முழுவதும் கல்லாய்ச் சமைந்தது. தட்டிய எழுத்து விழவில்லை, வேறு அறைக்கு மாறவும் முடியவில்லை. பிறகு எல்லாம் ஒரே மூச்சில் கொட்டின. ஸ்கிரிப்ட் ஏதோ ஓரமாகத் தனியே ஓடுகிறது என்றுதான் நினைத்திருந்தேன். திரையை வரைவதும் சர்வரிடம் பேசுவதும் நிற்கும் அதே வரிசையில்தான் அதுவும் நிற்கிறது. அது தூங்கினால் பின்னால் நிற்கும் எல்லோரும் காத்திருக்க வேண்டியதுதான்.

சரி, குறித்த நேரம் கழிந்ததும் ஸ்கிரிப்டின் ஒரு செயற்கூற்றைக் கூப்பிடும் டைமர் ஹூக் இருக்கிறதே என்று 5000 மில்லிவிநாடி கொடுத்தேன். ஜன்னல் உறையவில்லை. ஆனால் டைமர் கூப்பிடும் செயற்கூறு உண்மை மதிப்பைத் திருப்பித் தந்தால் மறுபடியும் ஓடும், பொய் மதிப்பைத் தந்தால் நிற்கும். நான் பழக்கதோஷத்தில் 1, அதாவது உண்மை, என்று எழுதியிருந்தேன். தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள், ஐந்து விநாடிக்கு ஒருமுறை "சற்று நேரத்தில் வருகிறேன்" என்று அறிவித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். அறைப் பொறுப்பாளர் வெளியே தள்ளியிருந்தார். நியாயம்தான்.

*

எனக்கு அடி விழுந்தது தமிழால். நீளமான குறிப்புகளைத் துண்டு துண்டாக நறுக்கி, சர்வருக்கு நேரடியாக அனுப்பும் ஸ்கிரிப்ட் அது. ஐஆர்சியில் ஒரு செய்தி, வரிமுடிவுக் குறிகளையும் சேர்த்து, 512 பைட்டுக்குள் அடங்கவேண்டும். 400 எழுத்துக்கு ஒரு வெட்டு என்று வைத்தேன். ஆங்கிலத்தில் சோதித்தபோது ஒரு குறையும் இல்லை.

தமிழில் அனுப்பினால் ஒவ்வொரு வரியும் பாதியில் அறுந்து, வால்பகுதியில் கறுப்பு வைரத்துக்குள் ஒரு கேள்விக்குறி! எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். புள்ளியும் கொம்பும்கூடத் தனிக் குறியீடுகள். "வணக்கம்" என்பது நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, பைத்தானுக்கு ஏழு, சர்வருக்கு இருபத்தொன்று. இதைப் புரிந்துகொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று. இப்போது பைட்டாக மாற்றி எண்ணி, 400 பைட்டுக்குள் வரும் கடைசி இடைவெளியில் வெட்டுகிறேன். மிச்சத்தை விட்டுவைப்பதற்குக் காரணம், மற்றவர்களுக்குப் போகும்போது அனுப்புபவரின் பெயரும் முகவரியும் அதே 512-இல் இடம் பிடிக்கும்.

*

முதலில் எழுதியவருக்கு: உங்களுடையது தனியாகப் புலம்பியது, என்னுடையதற்குத் துணை கிடைத்தது. நான் எழுதிய பதில் ஸ்கிரிப்டும் இன்னொருவருடையதும் ஒன்றையொன்று பெயர் சொல்லி அழைத்து, ஒன்றுக்கொன்று பதில் சொல்லி, சர்வரே இணைப்பைத் துண்டிக்கும்வரை பேசின. ஐஆர்சியின் விதிகளைச் சொல்லும், 1993-இல் வந்த ஆர்எஃப்சி 1459 என்ற ஆவணத்திலேயே இதற்கு வழி இருக்கிறது: நோட்டீஸ் வகைச் செய்திக்குத் தானியங்கிப் பதில் ஒருபோதும் அனுப்பக்கூடாது. அன்றிலிருந்து என் ஸ்கிரிப்ட் நோட்டீஸ் மட்டும்தான் அனுப்புகிறது. அந்த இன்னொருவர் இதைப் படித்தாரா என்பதுதான் சந்தேகம். போன வாரம்கூட அவருடைய ஸ்கிரிப்ட் என் நோட்டீஸுக்கு நன்றி சொன்னது.