தேர்தல் முடிவு வந்த மறுநாள் உங்கள் குழுவில் என்ன நடந்தது? (அனுபவப் பகிர்வு)

கூழைக்கடா, மேடவாக்கம்

ஒரே பொழுதுபோக்கில் சேர்ந்தவர்கள் தேர்தல் முடிவால் முறைத்துக்கொண்ட கதை உங்களிடமும் இருக்கும். ஆட்களின் பெயர் போடாமல், கட்சிக்கு வக்காலத்து வாங்காமல், நடந்ததை எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

ஞாயிறு காலையில் தென்சென்னைப் பக்கம் ஏரி ஏரியாகப் போய்ப் பறவை பார்க்கும் கூட்டம் எங்களுடையது. ஐ.டி.காரர்கள், ஆசிரியர்கள், ஓய்வுபெற்றவர்கள், சில கல்லூரிப் பிள்ளைகள். யார் எந்தக் கட்சிப் பக்கம் என்பது எல்லோருக்கும் அரசல்புரசலாகத் தெரியும். ஆனால் பள்ளிக்கரணையில் பூநாரை இறங்கியிருக்கிறது என்று ஒரு செய்தி வந்தால் போதும், அதெல்லாம் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

2024 மக்களவைத் தேர்தலில் நமக்கு ஏப்ரல் 19-ஆம் தேதியே ஓட்டுப்பதிவு முடிந்துவிட்டது. முடிவு ஜூன் 4-இல். இடையில் ஒன்றரை மாதம் ஆளாளுக்கு ஆரூடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் வந்த முடிவு இருக்கிறதே, ஒரு வாட்ஸ்அப் குழுவுக்கு அதைவிட மோசமானது வர முடியாது. இங்கே 39-உம், புதுச்சேரியைச் சேர்த்தால் 40-உம் தி.மு.க. கூட்டணிக்கு. அங்கே பா.ஜ.க. 240-இல் நின்றாலும் கூட்டணிக் கட்சிகளோடு மறுபடி ஆட்சி. ஒரு தரப்பு மட்டும் ஜெயித்திருந்தால் தோற்றவர்கள் நாலு நாள் வாயைத் திறக்காமல் இருந்திருப்பார்கள். இதில் இரண்டு பேருக்கும் கொண்டாட ஒன்று இருந்தது, இரண்டு பேருக்கும் வயிற்றெரிச்சலும் இருந்தது.

நான்காம் தேதி ஸ்டிக்கரோடு போயிற்று. ஐந்தாம் தேதி உலகச் சுற்றுச்சூழல் நாள். பிகாரில் ஜமுய் மாவட்டத்தில் இருக்கும் நாகி, நக்டி என்ற இரண்டு பறவைகள் சரணாலயங்கள் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களின் பட்டியலில், சேர்ந்தன என்று செய்தி வந்தது. குளிர்காலத்தில் பட்டைத்தலை வாத்துகள் கூட்டம் கூட்டமாக வரும் நீர்த்தேக்கங்கள் அவை. ஒருவர் சந்தோஷமாகப் பகிர்ந்தார். கீழே இன்னொருவர், "கூட்டணிக்கு முதல் தவணை போய்ச் சேர்ந்தாச்சு போல" என்று சிரிப்புப் பொம்மையோடு போட்டார். பிகாரிலிருந்து ஐக்கிய ஜனதா தளத்துக்கு 12 எம்.பி.க்கள், புது ஆட்சிக்கு அவர்கள் தயவு வேண்டும் என்ற கணக்கு.

உண்மையில் ராம்சர் கோப்பு ஒரே ராத்திரியில் நகர்வதில்லை. மாநிலம் தகவல் திரட்டித் தர வேண்டும், ஒன்றிய அமைச்சகம் அதை சுவிட்சர்லாந்தில் இருக்கும் செயலகத்துக்கு அனுப்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் மாதக்கணக்கில் ஆகும். இதைத்தான் எங்கள் சார் ஒருவர் பொறுமையாக எழுதினார். ஓய்வுபெற்ற மனிதர். கரைப்பறவைகளை அடையாளம் சொல்வதில் எங்கள் கூட்டத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. எழுதியவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். "2022-இல் நமக்கு வரிசையாகக் கிடைச்சதே, அது யார் கொடுத்த தவணை?" என்று ஒரு வரியையும் சேர்த்தார்.

2022 வரை தமிழ்நாட்டில் ராம்சர் இடம் என்றால் கோடியக்கரை ஒன்றுதான். அந்த ஒரு வருடத்தில் பள்ளிக்கரணை, வேடந்தாங்கல், கூந்தன்குளம் என்று 13 இடங்கள் சேர்ந்தன. அதற்குக் காரணம் மாநிலமா ஒன்றியமா என்று ராத்திரி பதினொரு மணி வரை சண்டை. பேச்சு எப்போது சதுப்பு நிலத்தை விட்டு வெளியே வந்தது என்று தெரியவில்லை. "உங்க ஆளுங்க", "உங்க ஆளுங்க" என்று ஆரம்பித்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு வெட்டியாக இருப்பவர்கள் என்று ஒரு சின்னப் பையன் வாய்விட்டான். சார் ஒன்றும் சொல்லவில்லை. வெளியேறினார் என்ற வரி மட்டும் வந்தது. பின்னாலேயே சிலர் போனார்கள்.

அதற்குப் பிறகு அட்மின் செய்ததுதான் எனக்குச் சண்டையைவிட எரிச்சல். பறவை தவிர எதுவும் கூடாது என்று விதி போட்டார். சரி என்றுதான் இருந்தோம். கொஞ்ச நாளில் ஒரு உறுப்பினர், ஏரிக்கரையில் லாரியில் கட்டடக் கழிவு கொட்டுவதைப் படம் எடுத்துப் போட்டார். 'அரசியல்' என்று அழித்துவிட்டார்கள். பறவை எங்கே உட்காருகிறது? அந்தக் கரையில்தானே! பரந்தூர் விமான நிலையத்தைப் பற்றி ஏரிகளை முன்வைத்து ஒரு மனு தயாரிக்கலாம் என்று ஒருவர் கேட்டார். அதற்கு யாரிடமிருந்தும் பதிலே இல்லை. அப்போதைய இரண்டு அரசுமே வேண்டும் என்று சொன்ன திட்டம் என்பதால் இரண்டு தரப்புக்கும் திடீரென்று தொண்டை கட்டிக்கொண்டது என்பது என் அனுமானம்.

செப்டம்பரில் கரைப்பறவைகள் வர ஆரம்பித்தபோதுதான் சார் இல்லாத குறை உறைத்தது. கொசு உள்ளானா, டெமிங்க் உள்ளானா என்று ஒரு படத்தை வைத்துக்கொண்டு குழுவே மல்லுக்கட்டியது. எனக்குப் பொறுக்கவில்லை. பெரும்பாக்கம் கரையில் நின்றுகொண்டே சாருக்குப் போன் போட்டேன். நலம் விசாரிக்கக்கூட விடவில்லை.

"கால் என்ன நிறம்? கறுப்பா, மஞ்சளா?"

"சேறு அப்பியிருக்கு சார்."

"அப்ப நடையைப் பாருங்க. துறுதுறுன்னு ஓடிக் கொத்துதா, பதுங்கிப் பதுங்கி மெதுவாப் போகுதா?"

பதுங்கித்தான் போனது. டெமிங்க். அதற்கப்புறம் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கும் அவர் தனியாக ஒரு ஏரியை எடுத்துக்கொண்டு பட்டியல் அனுப்பினார். ஆனால் குழுவுக்குள் மட்டும் வரவில்லை.

சிறகவரை, சேலம்

எங்களுடையது மாடித்தோட்டக் குழு. கதை 2021-இல். சட்டமன்றத் தேர்தல் முடிவு மே 2-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. கொரோனா இரண்டாம் அலை உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்த நேரம். வெற்றி ஊர்வலமே கூடாது என்று தேர்தல் ஆணையம் தடை போட்டிருந்தது. அடுத்த திங்கட்கிழமை, மே 10-லிருந்து முழு ஊரடங்கு.

ஒரு அக்கா தன் தெருவில் வெடி வெடிப்பதை வீடியோ எடுத்துப் போட்டார், பத்து வருஷத்துக்குப் பிறகு விடியல் என்று. அதே நேரத்தில் இன்னொரு உறுப்பினரின் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனோடு படுத்திருந்தார். "நான் இங்க பெட்டுக்கு அலையறேன், உங்களுக்கு வெடி கேக்குதா?" என்று கேட்டார். அந்த அம்மா எந்தக் கட்சிக்கும் ஓட்டுக் கேட்டதில்லை. ஆனால் அவருக்குப் பரிந்து பேசியவர்கள் எல்லோரும் தோற்ற கட்சிக்காரர்கள் என்று முத்திரை குத்தப்பட்டார்கள். வீடியோ போட்ட அக்காவும் அதை நீக்கிவிட்டு மன்னிப்புக் கேட்கத்தான் இருந்தார். அதற்குள் மற்றவர்கள் அவருக்காகச் சண்டை பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு வாரத்தில் குழு இரண்டாகப் போயிற்று.

(அந்த வீட்டுக்காரர் பிழைத்து வந்துவிட்டார், கவலைப்பட வேண்டாம்.)

வேடிக்கை என்னவென்றால், ஆடிப்பட்டம் வந்ததும் இரண்டு குழுவும் திண்டாடியது. சிறகவரை, மூக்குத்தி அவரை, நாட்டுக் கத்தரி விதையெல்லாம் ஒரு பக்கம். வாசனையே வராமல் மீன் அமிலம் தயாரிக்கும் கைராசிக்காரர் மறுபக்கம். மாவுப்பூச்சிக்கு மருந்து சொல்கிறவரும் அந்தப் பக்கம்தான். இரண்டு குழுவிலும் இருந்த ஒரே ஆள் நான்தான் என்று நினைத்து, இங்கே கேட்டதை அங்கே கேட்டு, அங்கே சொன்னதை இங்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, பாதிப் பேர் வீட்டில் இருக்கும் இன்னொரு நம்பரை வைத்து இரண்டிலும் இருந்தார்கள். ஒரு சந்தேகத்துக்கு அங்கிருந்து நான் ஒரு பதிலைக் கொண்டுவந்து போட, "இதை நேத்தே அங்க படிச்சிட்டேன்" என்று ஒருவர் வாய்தவறிச் சொல்ல, மானம் போயிற்று. இப்போதும் இரண்டு குழுவாகத்தான் இருக்கிறது. யாரும் இணைக்க முயற்சி எடுக்கவில்லை.

ஊசிநூல், நியூஜெர்சி

நம்ம ஊர்த் தேர்தல் இல்லை, பரவாயில்லையா? நான் இங்கே வந்த புதிதில், வேலைக்குப் போக அனுமதி இல்லாமல் வீட்டில் இருந்த காலத்தில், பக்கத்து நூலகத்தில் நடக்கும் நிட்டிங் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தேன். பெரும்பாலும் வெள்ளைக்காரப் பாட்டிமார்கள். காலுறைக்குக் குதிகால் பகுதியைத் திருப்பிப் பின்னுவது என்று ஒரு வித்தை இருக்கிறது. பாதியில் நிறுத்தி, திரும்பி, மறுபடி பாதியில் நிறுத்திப் பின்ன வேண்டும். ஒரு பாட்டி என் பக்கத்தில் உட்கார்ந்து, எத்தனை முறை பிரித்தாலும் சலிக்காமல் சொல்லிக்கொடுத்தார்.

2016 நவம்பரில் டிரம்ப் ஜெயித்தார். 2017 ஜனவரி 21 பெண்கள் பேரணிக்காக ஊரெல்லாம் பிங்க் தொப்பி பின்னினார்கள். பின்னுவது சுலபம். செவ்வகமாகப் பின்னி மடித்துப் பக்கங்களைத் தைத்துவிட்டால், தலையில் போட்டதும் மூலைகள் பூனைக்காதுபோல் நிற்கும். எங்கள் மேசையிலும் பிங்க் நூல்கண்டு வந்து உட்கார்ந்தது. அந்தப் பாட்டி டிரம்புக்கு ஓட்டுப் போட்டவர். ஒன்றும் பேசாமல் நாற்காலியை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார். மேசை இரண்டாயிற்று. நான் எங்கே உட்காருவது? எனக்கு ஓட்டும் கிடையாது. ஆனால் அந்த வருடம் விசா பற்றிய செய்தி ஒவ்வொன்றும் என் வீட்டுப் பிரச்சினை. பிங்க் மேசையில்தான் உட்கார்ந்தேன், அதில் எனக்குக் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை.

பின்னல்காரர்கள் எல்லோரும் பயன்படுத்தும் ராவெல்ரி என்ற தளம் இருக்கிறது. 2007-இல் ஆரம்பித்தது, எண்பது லட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள். 2019 ஜூன் 23 அன்று, டிரம்புக்கோ அவர் நிர்வாகத்துக்கோ ஆதரவான எதையும் இங்கே போடக்கூடாது என்று அறிவித்தார்கள். பேச்சு மட்டுமல்ல, பின்னல் மாதிரிகளுக்கும் அதே விதி. அவரை ஆதரிப்பவர்கள் உறுப்பினராக இருக்கலாம், அதை இங்கே பேசத்தான் கூடாது என்றார்கள். இந்த மாதிரி விதியை அதற்கு முன்பே போட்டவர்கள் ஆர்.பி.ஜி.நெட் என்ற, கதாபாத்திரமாக மாறி ஆடும் விளையாட்டுகளின் ரசிகர்கள் தளம், 2018-இல். அதைப் பார்த்துத்தான் தாங்களும் செய்ததாக ராவெல்ரி வெளிப்படையாகவே சொன்னது.

இதைப் பற்றி எனக்கு இன்றுவரை முடிவான அபிப்பிராயம் இல்லை. வெள்ளை இனவெறிக்கு இடம் கொடுத்துக்கொண்டே எல்லோரையும் வரவேற்கிறோம் என்று சொல்ல முடியாது என்பது அவர்கள் வாதம். என்னைப் போன்றவர்களுக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் பாட்டி தன் காலுறை மாதிரிகளையெல்லாம் அதில்தான் சேமித்து வைத்திருந்தார். கணக்கை மூடும் முன் ஒவ்வொன்றையும் நூலகத்தில் அச்செடுத்தார், ஒரு பக்கத்துக்குப் பத்து சென்ட். பிரிண்டரில் தாள் சிக்கியபோது உதவிக்கு என்னைத்தான் கூப்பிட்டார். எடுத்துக் கொடுத்தேன். அரசியல் பேசவில்லை, இருவரும்.

நத்தைகுத்தி, திருநெல்வேலி பக்கம்

கூழைக்கடா அண்ணாச்சிக்கு ஒரு விஷயம். சிவகங்கை வேட்டங்குடிச் சரணாலயத்துக்குப் பக்கத்தில் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைக்காகத் தீபாவளிக்கே வெடி போடுவதில்லை, கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்கள் குளத்திலும் ஜூன் மாதம் கருவேல மரங்களில் குஞ்சு இருந்தது. 2024 முடிவுக்கு முந்தின நாள் இரண்டு கட்சிக் கிளைச் செயலாளர்களையும் டீக்கடையில் பிடித்து, யார் ஜெயித்தாலும் வெடியைக் குளத்தங்கரையில் போடாமல் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோங்கள் என்று கேட்டோம். இரண்டு பேரும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார்கள். ஒருத்தர் எங்களுக்கு டீயும் வாங்கிக் கொடுத்தார்.

"அந்தக் கட்சிக்காரனிடம் எப்படி டீ குடிக்கலாம்" என்று எங்கள் பறவை ஆர்வலர்கள் மூன்று நாள் சண்டை போட்டார்கள். அதில் பாதிப் பேர் பெங்களூரில் இருக்கிறார்கள், குளத்தைப் பார்த்தே வருடக்கணக்கில் ஆகிறது.

கூழைக்கடா, மேடவாக்கம்

நத்தைகுத்தி, சிரித்து முடியவில்லை. தனிச்செய்தியில் சிலர் கேட்டதால் சொல்கிறேன், எங்கள் குழு இப்போதும் இருக்கிறது. பறவை தவிர எதுவும் கூடாது என்ற விதியைப் போராடி மாற்றினோம். ஏரி, குப்பை, அரசாணை, வழக்கு எல்லாம் பேசலாம், எந்த ஆட்சியையும் குறை சொல்லலாம். தலைவர்கள் படம், கட்சி ஸ்டிக்கர், "உங்க ஆளுங்க" மூன்றும் கூடாது. தேர்தல் முடிவு வரும் வாரம் அட்மின் மட்டும் பதிவிடும்படி பூட்டு போட்டுவிடுவது என்றும் முடிவு. அதே 2024 ஆகஸ்டில் நஞ்சராயன் குளமும் கழுவெளியும் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது மறுபடி பெருமை யாருக்கு என்று ஆரம்பித்தார்கள். ஆனால் பத்துப் பதினைந்து செய்தியோடு அடங்கிவிட்டது.

பென்ஷன் என்று பேசிய பையன் சாருக்குப் போன் செய்து பேசிவிட்டான் என்று கேள்வி. மறுபடி சேர்க்கட்டுமா என்று நானும் போன வாரம் கேட்டுப் பார்த்தேன். "வேண்டாம்பா. குரூப்ல இல்லாததால கண்ணு கொஞ்சம் தெளிவா இருக்கு. சந்தேகம் இருந்தா போட்டோ அனுப்பு, காலு தெரியிற மாதிரி எடு" என்றார்.