பழைய மாட்டுத் தொழுவத்தில் குதிரை கட்டலாமா?

மேய்ச்சல்காரர் கேட்கிறார்:

பால்மாடுகளை விற்றுவிட்டோம், தொழுவம் மட்டும் காலியாக நிற்கிறது. நடுவில் 6 அடி தீவனப் பாதை. அதன் இருபுறமும் 2 அடி அகலத் தீவனத் தொட்டி, அதையடுத்து மாடு நிற்கும் ஐந்தரை அடி மேடை, ஒன்றரை அடி சாண வாய்க்கால், பிறகு சுவர்வரை 5 அடி நடை. மாட்டுக்கு 4 அடி வீதம் இரும்புக் குழாய் அடைப்பு. பரணைத் தாங்கும் தூண்கள் தொட்டி விளிம்பில், 12 அடிக்கு ஒன்று. தரையிலிருந்து பரண் விட்டம் ஏழரை அடி.

இதில் இரண்டு பெண்குதிரைகளையும் ஒரு மட்டக்குதிரையையும் விட வேண்டும். குழாய்களை ஒன்றுவிட்டு ஒன்று அறுத்தால் 8 அடி அறைகள் கிடைக்கும், சாண வாய்க்காலுக்குப் பலகை மூடி போட்டால் போதும் என்கிறார் தச்சர். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டு என்கிறார் மைத்துனர். தண்ணீர்க் கிண்ணம், விளக்கு எல்லாம் ஏற்கெனவே இருக்கும்போது இடிக்க மனம் வரவில்லை. யார் பேச்சைக் கேட்பது?

லாடக்காரர்:

இருவர் பேச்சையும் கேட்க வேண்டாம். முதலில் ஒரு நாடாவை எடுத்துக்கொண்டு பரணுக்குக் கீழே போய் நில்லுங்கள்.

நான் லாடம் அடிப்பவன். குதிரையின் காலடியில் குனிந்தே கிடப்பதால், அது திடுக்கிட்டுத் தலையைத் தூக்கும்போது மேலே என்ன இருக்கிறது என்று பார்ப்பது பழக்கமாகிவிட்டது. தோளில் 5 அடிக்கு மேல் நிற்கும் குதிரை தலையை நிமிர்த்தினாலே உங்கள் விட்டத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். முன்கால்களைத் தூக்கினால் கேட்கவே வேண்டாம். காதுகளுக்கு நடுவே உள்ள உச்சி மண்டைதான் மோதும். 10 அடி உயரம் நல்லது. 8 அடிக்குக் கீழே நான் பேசவே மாட்டேன்.

உயரத்துக்கு இரண்டே வழி. ஒன்று, அறைகளுக்கு மேலே உள்ள பரணை எடுப்பது. இதைத் தச்சரை மட்டும் நம்பிச் செய்யாதீர்கள். பரண் விட்டங்கள் பல கட்டடங்களில் எதிரெதிர்ச் சுவர்களை இழுத்துப் பிடித்திருக்கும். அறுத்தால் கூரையின் பாரம் சுவரை வெளியே தள்ளும். கட்டடப் பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்துச் சொல்லட்டும். மற்றொன்று, கான்கிரீட்டை உடைத்துத் தரையை இறக்குவது. அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் போகிறது என்று சுவருக்கு வெளியே ஒரு குழி வெட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். அதன் அடிமட்டத்துக்குக் கீழே மண்வெட்டி இறங்கக் கூடாது. மழைநீர் உள்ளே வந்து தேங்கவும் கூடாது. இரண்டும் ஆகாது என்றால் மட்டக்குதிரைக்கு மட்டும் அந்த இடம் போதும்; பெண்குதிரைகளுக்கு வேறு கூரை தேடுங்கள்.

உயரம் சரியாகிவிட்டால் மற்றக் கணக்கெல்லாம் உங்கள் பக்கம்தான். 8 அடி அறையை மறந்துவிடுங்கள். மாடு கட்டிய இடத்தில் நிற்கும், படுக்கும். குதிரை சுற்றும், உருளும், உதைக்கும். குறுகிய அறையில் உருண்டால் கால் சுவரில் முட்டி, எழ முடியாமல் கிடக்கும். முழு வளர்ச்சியடைந்த குதிரைக்கு 12க்கு 12 வேண்டும். மூன்று மாடுகளின் இடத்தைச் சேருங்கள், அகலம் 12. மேடை, வாய்க்கால், சுவரோர நடை மூன்றையும் சேருங்கள், ஆழமும் 12. தொட்டிகளை உடைத்தெடுத்தால் நடுப்பாதை 10 அடியாகிறது. குதிரையைத் தாராளமாகத் திருப்பலாம். தூண்களும் உங்கள் தடுப்புச் சுவர் வரும் இடத்திலேயே நிற்கும். கட்டியவரே குதிரையை மனத்தில் வைத்துக் கட்டியதுபோல் இருக்கிறது, அந்த உயரத்தைத் தவிர.

வாய்க்கால் மேல் பலகை என்ற பேச்சே வேண்டாம். 500 கிலோ உடம்பு ஒரு குளம்பில் இறங்கும்போது ஈரத்தில் ஊறிய பலகை என்ன செய்யும்? ஜல்லியைப் படிப்படியாகக் கொட்டி இடித்து, மேலே கான்கிரீட் போட்டு மேடையோடு சமமாக்குங்கள். அதற்கு முன் வாய்க்காலின் வெளிவாயை அடைத்துவிடுங்கள். எலிக்கு அது ராஜபாட்டை. குழாய்களைத் தரைக்கு மேலே அறுத்து விட்டுவிடாமல், அடியைக் கொத்தித் தரைமட்டத்துக்குக் கீழே அறுத்துப் பூசுங்கள். விரல் நீள இரும்புக் குச்சி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தாலும் குளம்பின் அடிப்பகுதியைக் கிழித்துவிடும்.

புதுத் தரையைத் துடைப்பத்தால் வரிவரியாகச் சொரசொரப்பாக்கி, முக்கால் அங்குல ரப்பர் விரிப்பைச் சுவரிலிருந்து சுவர்வரை இடைவெளியில்லாமல் பரப்புங்கள். அதன் மேல் மரச்சீவலோ வைக்கோலோ தாராளமாக. வெறும் கான்கிரீட்டில் நாள் முழுவதும் நிற்கும் குதிரையின் கால்களை நான் பார்த்தவன்.

தீவனக்கடைக்காரர்:

லாடக்காரர் கட்டடத்தைச் சொல்லிவிட்டார். நான் ஒன்றே ஒன்று சொல்கிறேன், இதுதான் அவசரம். மாட்டுத் தீவனம் சிலவற்றில் மோனென்சின் என்ற மருந்து சேர்ப்பார்கள். மாடு தாங்கும்; குதிரைக்கு அது விஷம். உடல் எடையில் கிலோவுக்கு 2, 3 மில்லிகிராம் போனாலே உயிருக்கு ஆபத்து. இதயத் தசையைக் கெடுக்கும், முறிவு மருந்து கிடையாது. பழைய தீவனப் பெட்டி, தொட்டி மூலை, பரணில் மறந்துபோன மூட்டை எல்லாவற்றையும் காலிசெய்து கழுவுங்கள். மாட்டுக்கு வாங்கிய தாது உப்புக் கட்டிகளையும் எடுத்துவிடுங்கள்.

மேய்ச்சல்காரர்:

நன்றி. மூட்டைகள் நிஜமாகவே இருக்கின்றன, இன்றைக்கே அகற்றுகிறேன். ஒரு பக்கத்துப் பரணை மட்டும் எடுக்க முடியலாம் என்று தோன்றுகிறது. மறுபக்கத்தில் வழக்கம்போல் உலர்புல் அடுக்கலாமா? மாட்டுக்கு வைத்த தண்ணீர்க் கிண்ணங்கள் போதுமா?

லாடக்காரர்:

உலர்புல்லை வேறு கட்டடத்தில் வையுங்கள். பரணிலிருந்து உதிரும் தூசியும் பூஞ்சையும் நேரே குதிரையின் மூக்குக்குத்தான் வரும்; ஒருமுறை இருமல் பிடித்தால் அந்த நுரையீரல் பழையபடி ஆவது கடினம். தீப்பிடித்தால் தலைக்கு மேலேயே எரியும் என்பது இன்னொன்று.

காற்றைப் பற்றி யாருமே பேசவில்லை. கதவு சாத்திய இரவுக்குப் பிறகு, விடியற்காலையில், கதவைத் திறப்பதற்கு முன்பே உள்ளே போய் முழங்காலிட்டு, படுக்கைக்கு ஒரு சாண் மேலே மூக்கை வையுங்கள். கண் எரிந்தால் அம்மோனியா. குதிரை தலையைத் தாழ்த்தித் தின்பதும் படுப்பதும் அந்தக் காற்றில்தான். குளிருக்குப் பயந்து சன்னல்களை அடைக்காதீர்கள். குளிரைக் குதிரை தாங்கும். சன்னலுக்கு உள்பக்கம் கம்பி வலை மட்டும் கட்டாயம்.

கிண்ணத்தை எடுத்துவிட்டு வாளி வையுங்கள். குதிரை நாளொன்றுக்கு 25 முதல் 45 லிட்டர்வரை குடிக்கும். வாளியில் எவ்வளவு குறைந்தது என்பது தெரியும், கிண்ணத்தில் தெரியாது. வயிற்றுவலி வரப்போகிறது என்பதற்கு முதல் அடையாளம் பல நேரம் அந்த வாளிதான். மின்கம்பிகள் எல்லாம் இரும்புக் குழாய்க்குள் போகட்டும், விளக்குக்குக் கூண்டு போடுங்கள். தடுப்புக்கு 2 அங்குலக் கட்டிப் பலகை, 4 அடிவரை இடைவெளியின்றி. மேலே கம்பிகள் 3 அங்குலத்துக்கு மேல் விலகாமல். ஒன்றையொன்று பார்த்துக்கொண்டால் அடங்கி நிற்கும்.

மேய்ச்சல்காரர்:

மட்டக்குதிரைக்கும் 12 அடி வேண்டுமா?

லாடக்காரர்:

அதற்கு 10க்கு 10 போதும். ஆனால் கதவின் அடியில் இரண்டாவது தாழ்ப்பாள் ஒன்று போடுங்கள். மேல் தாழ்ப்பாளை உதட்டால் திறக்க அதற்கு ஒரு வாரம் கூடப் பிடிக்காது. திறந்தபின் நேராகத் தீவன அறைக்குத்தான் போகும்.