ஒரு ஸ்டேஜ் ஃபெயில் ஆனால் பைப்லைனை அங்கேயே நிறுத்த வேண்டுமா?

சில்க்போர்டு சிக்னல்:
பெங்களூரு பெல்லந்தூரில் ஒரு சின்னக் கம்பெனி. பில்ட் வேலை முழுக்க என் தலையில், ஓடுவது ஜென்கின்ஸ் (டெஸ்ட், பில்ட், டெப்ளாய் என்று ஸ்டேஜ் ஸ்டேஜாக பைப்லைனைத் தானாக ஓட்டும் மென்பொருள்). போன வாரம் யூனிட் டெஸ்டில் ஏழு விழுந்தன. பைப்லைன் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. இமேஜ் கட்டி, ஸ்டேஜிங்கில் ஏற்றி, பச்சையும் காட்டிவிட்டது. மறுநாள் கஸ்டமர் டெமோ. மானம் போனது. அதனால் டீமில் சொல்லிவிட்டேன்: எந்த ஸ்டேஜ் விழுந்தாலும் அங்கேயே நிறுத்து, பேரலலாக ஓடுவதில் ஒன்று விழுந்தால் மற்றவற்றையும் வெட்டு. இரண்டாவதற்கு டெஸ்டிங் ஆட்கள் சண்டைக்கு வருகிறார்கள். நியாயம் யார் பக்கம்?

நள்ளிரவு டெஸ்ட்:
நானும் டெஸ்டிங்தான், அதனால் சண்டைக்கே வருகிறேன். எங்கள் ரிக்ரஷன் (பழையது எதுவும் உடையவில்லையே என்று பார்க்கும் டெஸ்ட்) குரோம், ஃபயர்பாக்ஸ், ஆண்ட்ராய்டு, ஏபிஐ என்று நாலாகப் பிரிந்து இரவு 11 மணிக்குத் தொடங்கும். யாரோ ஒரு புண்ணியவான் ஃபெயில்ஃபாஸ்ட் ட்ரூ, அதாவது ஒன்று விழுந்தால் எல்லாவற்றையும் வெட்டு, என்று போட்டுவிட்டார். ஏபிஐ பத்தாவது நிமிடமே விழுந்தது, மற்ற மூன்றும் அபார்ட். காலையில் ஒயிட்ஃபீல்டு போய்ச் சேர்ந்து பார்த்தால் கையில் ஒரே ஒரு பிழை. அதைச் சரிசெய்து மறுநாள் ஓட்டினால் ஃபயர்பாக்ஸில் இன்னொன்று. மூன்று பிழைக்கு மூன்று ராத்திரி! சர்க்கரை கூடுதல் என்று தெரிந்ததும் லேப்காரர் மற்ற ரத்தப் பரிசோதனைகளை நிறுத்திவிடுவாரா?

சில்க்போர்டு சிக்னல்:
லேபில் எனக்குப் பின்னால் நிற்பவர் காத்திருக்க வேண்டியதில்லையே. எங்களிடம் பில்ட் ஓட்டும் மெஷின், அதாவது ஏஜென்ட், இரண்டே இரண்டு. தோற்பது உறுதியான பில்ட் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தால் பின்னால் ஆறு பேர் வரிசை. என் பெயரே டிராஃபிக்குக்குப் பேர்போன சிக்னல், வரிசை எனக்குப் பழக்கம்தான். அதை ஆபீசிலும் எதற்கு? ஜென்கின்ஸ் மாதிரியே இன்னொன்றான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் மேட்ரிக்ஸ் (ஒரே வேலையைப் பல அமைப்புகளில் ஓட்டுவது) போட்டால் ஃபெயில்-ஃபாஸ்ட் இயல்பாகவே ட்ரூ. ஊரே அப்படித்தான் ஓட்டுகிறது.

பழைய ஹட்சன்:
பாதி ஊர் என்று சொல்லுங்கள். ஜென்கின்ஸ் பேரலலில் நாமாகக் கேட்டால்தான் வெட்டும். 2011-இல் ஹட்சன் என்ற பெயர் ஜென்கின்ஸ் என்று மாறுவதற்கு முன்பிருந்தே இதை மேய்க்கிறேன்.

சரி, உங்கள் சண்டை இருக்கட்டும். முதல் பதிவிலேயே ஒன்று உறுத்துகிறது. ஷெல் ஸ்டெப் (கமாண்டுகளை ஓட்டும் படி) பூஜ்யம் அல்லாத எக்ஸிட் கோடு (0 என்றால் வெற்றி, மற்றதெல்லாம் தோல்வி) கொடுத்தால் ஜென்கின்ஸ் தானாகவே நிற்கும், அதற்கு யாரும் தீர்மானம் போட வேண்டாம். நிற்காமல் பச்சையும் காட்டியது என்றால், டெஸ்ட் விழுந்த சேதி அதன் காதுக்கே போகவில்லை. டெஸ்ட் ஓட்டும் வரி என்ன?

சில்க்போர்டு சிக்னல்:
பைடெஸ்ட் (பைத்தான் டெஸ்ட் ஓட்டும் கருவி) ஓட்டி, லாக் ஃபைல் வேண்டும் என்பதற்காக பைப் போட்டு, வருவதைத் திரையிலும் ஃபைலிலும் எழுதும் டீ (tee) கமாண்டுக்கு அனுப்புகிறோம்.

பழைய ஹட்சன்:
நினைத்தேன். பைப்பில் கடைசியாக நிற்பவன் சொல்வதுதான் ஷெல்லுக்குக் கணக்கு. பைடெஸ்ட் 1 என்று கத்தியிருக்கும். டீ தன் வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு 0 என்றிருக்கும். ஜென்கின்ஸ் ஷெல்லை -இ (ஒரு கமாண்டு விழுந்தால் உடனே நில்) போட்டுத்தான் ஓட்டுகிறது, ஆனால் அது பைப்புக்குள் எட்டிப் பார்க்காது. பாஷில் பைப்ஃபெயில் போடுங்கள், பைப்பில் எது விழுந்தாலும் தோல்வி என்று சொல்லும். அதற்காக மேலே ஷெபாங் (எந்த ஷெல் என்று சொல்லும் முதல் வரி) வைத்தால் தானாக வரும் -இ போய்விடும், அதையும் நீங்களே எழுத வேண்டும். இதில் இடறாதவர்கள் குறைவு. அப்புறம், கரன்ட்பில்ட் ரிசல்ட்டை ஃபெயிலியர் என்று மாற்றினால் பைப்லைன் நிற்கும் என்று நம்பாதீர்கள். நிறம்தான் மாறும். நிறுத்த வேண்டுமென்றால் எரர் ஸ்டெப்.

நள்ளிரவு டெஸ்ட்:
ஆக, டீ செய்த வேலைக்கு என் ஃபயர்பாக்ஸைத் தூக்கில் போடப் பார்த்திருக்கிறீர்கள்.

சில்க்போர்டு சிக்னல்:
டீ விஷயத்தில் தோற்றேன். பேரலலில் தோற்கவில்லை. ராத்திரி ஓட்டம் முழுதாக ஓடட்டும், நாலும் பச்சையானால்தான் டெப்ளாய். ஆனால் பகலில் ஒவ்வொரு கமிட்டுக்கும் ஓடுவதில் வெட்டுதான்.

நள்ளிரவு டெஸ்ட்:
பகலிலும் ஒரு பிழைதான் தெரியும் என்றால் ஆள் ஒன்றைத் திருத்தி மறுபடி புஷ் செய்வார், அடுத்ததற்கு மறுபடி. உங்கள் வரிசை அதனாலேயே நீளும். வெட்டியே தீருவேன் என்றால் ரிப்போர்ட்டையும் கிளீனப்பையும் எப்படி முடிந்தாலும் ஓடும்படி போஸ்ட் பகுதியில் ஆல்வேஸின் கீழ் வையுங்கள். பாதியில் செத்த எமுலேட்டர் போர்ட்டைப் பிடித்துக்கொண்டு அடுத்த பில்டையும் கெடுத்திருக்கிறது, அனுபவம்.

அல்சூர் ஏரிக்கரை:
பைடெஸ்டிலேயே மேக்ஸ்ஃபெயில் இருக்கிறதே? ஐந்து விழுந்ததும் நிற்கட்டும். லின்ட் (கோடை ஓட்டாமலே பிழை பார்ப்பது) மாதிரி அரை நிமிட வேலைகளை முதல் ஸ்டேஜுக்குத் தள்ளினாலே பாதிச் சண்டை தீரும்.

சில்க்போர்டு சிக்னல்:
பைப்ஃபெயில் போட்டு ஓட்டினேன். மெயின் பிராஞ்சே சிவப்பு. அந்த ஏழு போக இன்னும் நாலு இத்தனை நாளாக ஒளிந்திருந்தன. அதில் மூன்று என் கமிட்.

நள்ளிரவு டெஸ்ட்:
நாலும் எப்படித் தெரிந்தது? முதல் ஃபெயிலிலேயே வெட்டவில்லையா?